கட்டிலில் கிடப்பவரிடம் கேட்டீர்களா?

(வானொலியில் வழங்கப்பட்ட ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே இருந்த பெத்சதா குளத்தை நீங்கள் அறிவீர்கள். யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். மண்டபம் நிறைய நோயாளிகள். அவர்களுள் ஒருவர் 38 ஆண்டுகளாகப் படுத்தபடுக்கையாய் இருப்பவர். இயேசு அவரைப் பார்க்கிறார். நெடுநாளாய் அவர் அப்படிக் கிடக்கிறார் என்பதும் இயேசுவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், குணமாக உமக்கு விருப்பம் உண்டா என்று அவரிடமே கேட்கிறார்.

குருமடத்தில் படித்த நாட்களில் எனக்கு இது வேண்டாத கேள்வியாகத் தோன்றியது. நோயாளியிடம் போய் இதையா கேட்பார்கள்? பங்குப் பணிக்கு வந்து, முதல் வெள்ளிதோறும் வீடு வீடாக நற்கருணை எடுத்துச் செல்லத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. நம் வீடுகளில் படுத்திருக்கும் பெரியவர்களிடம் யாரும் கேட்காத கேள்வி அதுதான்.

ஒரு வீட்டுக்கு மாதந்தோறும் போவேன். பின்கட்டில் ஓர் ஆச்சி. எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று வயது இருக்கும். நான் செபம் சொன்னால் வாயசைக்க மாட்டார். எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாத பதில் வரும். “ஆச்சிக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல சாமி, வயசாயிடுச்சுல்ல” என்பார் மருமகள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆச்சிக்குச் சோறூட்டுவதும் துணி மாற்றுவதும் அவர்தான். நானும் அதை நம்பினேன். ஆச்சியின் தலைக்கு மேலேயே மருமகளிடம் பேசிவிட்டு, சிலுவை அடையாளம் இட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் சுகாதார நிலையத்திலிருந்து இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியர் ஒருவர் ஆச்சியின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு காதிலும் குறும்பி கல்லாய் இறுகிக் கிடந்தது. ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டு, பிறகு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அடுத்த முதல் வெள்ளி நான் போனபோது ஆச்சி என்னைப் பார்த்து, “நீங்க முணுமுணுன்னு செபம் சொல்றீங்க சாமி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றார். செபமாலை மன்றாட்டு முழுவதையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் எல்லாரும் அவரை அறிவு மங்கியவராகவே நடத்தி வந்திருக்கிறோம்.

“வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்கிற இந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. மருத்துவர்களையும் இது நெடுங்காலம் பிடித்திருந்தது. முதியோர் மருத்துவத்துக்கு ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற பெயரே 1909-இல்தான் பிறந்தது. நியூயார்க்கில் பணியாற்றிய இக்னாஸ் நாஷர் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது. குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல முதியவர்களுக்கும் வேண்டும், முதுமையே ஒரு நோயல்ல என்பது அவர் வாதம். அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. 1935-இல் இலண்டனில் ஓர் ஏழையர் விடுதியின் நோயாளிகள் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தார்கள். 700-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வரிசையாகக் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தவர்கள். வாரன் அம்மையார் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். இவருக்கு என்ன நோய், இவரால் எழுந்து உட்கார முடியுமா, நடக்க முடியுமா என்று தனித்தனியே பார்த்தார். படுக்கையை விட்டு எழுப்பிப் பயிற்சி கொடுத்ததில் பலர் நடந்தார்கள். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் நின்றார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்த வேலையைத் தொடங்கியது சென்னை. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியால் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு வந்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்; இன்று அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். ஆனாலும் நம்மில் எத்தனை பேர் அப்பாவையோ அம்மாவையோ முதியோர் மருத்துவரிடம் காட்டியிருக்கிறோம்? எலும்புக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று நான்கு மருத்துவர்களிடம் காட்டி, நான்கு சீட்டு மருந்தையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருப்போம். ஒரு மருந்து இன்னொன்றோடு சண்டை போடுகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. தூக்க மாத்திரையின் மயக்கத்தில் இரவில் எழுந்து விழுந்தவர்களை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வயதானவர்களின் உடம்பில் நோய் நேர்வழியில் வருவதில்லை என்பதை மருத்துவ நண்பர்கள் எனக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். இளைஞனுக்கு நுரையீரல் அழற்சி வந்தால் காய்ச்சல் கொதிக்கும். எண்பது வயதுக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமல், சாப்பிட மறுப்பதும் சோர்ந்து கிடப்பதுமாகவே அது வரலாம். மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக வரலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பகலை இரவு என்கிறார், இறந்துபோன தம்பியைக் கூப்பிடுகிறார் என்றால் நாம் உடனே ‘மறதி நோய்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளில் வரும் குழப்பம் வேறு. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றிப்போவது, சோடியம் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே பார்த்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. தைராய்டு குறைவும் பி12 சத்துக்குறைவும்கூட மந்தமாகவும் மறதியாகவும் வெளிப்படும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வும் அப்படித்தான். துணையை இழந்த ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், அது வயதின் அமைதி என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் என் தாயார்தான். அவர் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. இரவில் எழுந்து போக வேண்டும், அண்ணியை எழுப்ப வேண்டும், அந்தச் சங்கடம். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குறைந்து சிறுநீர்த் தொற்று வந்து, அதனால் தலை சுற்றி, ஒரு விடியற்காலையில் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உறவினர்கள் கூடி, “இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, பச்சிலைக் கட்டுப் போட்டுப் பார்ப்போம்” என்றார்கள். நல்ல வேளையாக ஒரு மருத்துவர் எங்களைக் கண்டித்துச் சொன்னார்: இந்த முறிவுக்குப் படுக்க வைப்பதுதான் ஆபத்து, படுக்கைப்புண்ணும் நெஞ்சுச்சளியும் இரத்தக்கட்டும் வந்து சேரும், ஓரிரு நாளில் அறுவைசிகிச்சை செய்து எழுப்பி நடக்கவைப்பதுதான் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு. செய்தோம். அம்மா வாக்கர் பிடித்து நடந்தார். படுக்கும் அறைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை கட்ட ஆன செலவு, அந்த அறுவைசிகிச்சைச் செலவில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. முன்பே ஒருமுறை கேட்டிருக்கலாம், “ஏம்மா ராத்திரியில தண்ணி குடிக்கிறதில்ல?” என்று. நான் கேட்கவில்லை. மறையுரையில் முதியோரை மதிப்பது பற்றி அதற்கு முன்பே பலமுறை பேசியிருந்தேன்.

கண்புரையும் இதே கதைதான். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976-இல், 11 படுக்கைகளோடு. அப்போது அவர் அரசுப் பணியில் ஓய்வுபெற்ற 58 வயதுக்காரர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். வயதாகிவிட்டது என்று அவரே நினைத்திருந்தால் எத்தனை இலட்சம் பேர் இருட்டிலேயே இருந்திருப்பார்கள்!

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. ‘வயசாச்சு’ என்பதன் கடைசிப் படியும் நம் மண்ணில் உண்டு. தென் மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மரணத்துக்கு அனுப்பும் தலைக்கூத்தல் என்ற வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘பாரம்’, ‘கே.டி (எ) கருப்புதுரை’ ஆகிய திரைப்படங்கள் இதை வெளிப்படையாகப் பேசின. ‘பாரம்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. இதைச் செய்யும் குடும்பங்களை அரக்கர்கள் என்று தூரத்தில் நின்று சொல்லிவிடுவது எளிது. வறுமை, கூலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்க முடியாத நிலை, வலிக்கு மருந்து கிடைக்காத ஊர் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனாலும் அது கொலை. ஊர் கூடிப் பேசும், உறவு கூடிப் பேசும். கட்டிலில் கிடப்பவரிடம் மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

சரி சாமி, நாங்கள் அப்படியில்லை, எங்கள் அப்பாவுக்குச் சொத்தை விற்றாவது கடைசிவரை வைத்தியம் பார்த்தோம் என்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கப் போனேன். புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டது. மருத்துவர்களும் அதைச் சொல்லிவிட்டார்கள். வெண்டிலேட்டர் வைக்கலாமா என்று வெளியே நடையில் பிள்ளைகள் மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். துபாயிலிருந்து வந்த மூத்தவர், “எதையும் விடக்கூடாது, ஊர் என்ன சொல்லும்” என்றார். உள்ளே போனேன். பெரியவருக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்து, “வீட்டுக்குப் போகணும்னு சொல்லுங்க சாமி” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க” என்று சொல்லி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. குடும்ப விஷயத்தில் தலையிடுவானேன் என்று ஒதுங்கிவிட்டேன். பன்னிரண்டு நாள் குழாய்களோடு இருந்துவிட்டு அங்கேயே இறந்தார்.

கைவிடுவதும், விடாமல் பிடித்திருப்பதும் எதிரெதிரானவை போலத் தெரிகின்றன. இரண்டிலும் முதியவர் வாய் திறக்க இடமில்லை.

இந்த இடத்தில் திருஅவையின் போதனையைப் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். எந்த நிலையிலும் எல்லாச் சிகிச்சையும் கொடுத்தே தீர வேண்டும், நிறுத்தினால் பாவம் என்று நினைக்கிறார்கள். 1957 நவம்பரில், செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவத் தொடங்கிய காலத்தில், மயக்க மருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதில் சொன்னார். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள். தமக்கோ பிறருக்கோ தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்றார். நோயாளியின் சம்மதத்துக்கு அப்பாற்பட்டு மருத்துவருக்குத் தனி உரிமை கிடையாது என்பதும் அதே உரையில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2278) இதையே சொல்லி, முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்வரை முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியே என்கிறது. ஊசி போட்டு உயிரை எடுப்பது ஒருநாளும் ஆகாது. உணவையும் தண்ணீரையும், உடல் ஏற்கும்வரை, நிறுத்தக்கூடாது. வலியைத் தணிக்க வேண்டும். பயனற்றுப்போன, பெரும் துன்பம் தரும் சிகிச்சையை வேண்டாம் என்பது கொலையும் அல்ல, தற்கொலையும் அல்ல. சாவைத் தடுக்க நம்மால் இயலவில்லை என்று ஏற்றுக்கொள்வது அது.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இதை வாழ்ந்தே காட்டினார். முதியோருக்கு அவர் மடல் எழுதியது 1999 அக்டோபர் முதல் நாள். அப்போது அவருக்கு வயது 79, பார்க்கின்சன் நோயும் இருந்தது. 2005 பிப்ரவரியில் மூச்சு விட முடியாமல் போனபோது உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் தொண்டையில் துளையிடும் அறுவைசிகிச்சைக்கு இசைந்தார். ஏனெனில் அதனால் பயன் இருந்தது. மார்ச் இறுதியில் தொற்று இரத்தத்தில் பரவி உடல் தளர்ந்தபோது, மருத்துவமனைக்குத் திரும்பாமல் தம் இல்லத்திலேயே இருக்க விரும்பினார். அவருடைய விருப்பம் மதிக்கப்பட்டது. ஏப்ரல் 2 அன்று தம் அறையில், தம்மவர் செபித்துக்கொண்டிருக்க, இறைவனடி சேர்ந்தார். ஒரே மனிதர், ஐந்து வார இடைவெளியில், ஒரு சிகிச்சைக்கு ஆம் என்றார். மருத்துவமனைக்குத் திரும்புவதற்கு இல்லை என்றார். கேட்டதால்தான் அந்த இரண்டு பதிலும் கிடைத்தன.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. மீள முடியாத நிலை வந்தால் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். நாளிதழ்கள் இதைக் ‘கருணைக்கொலை’ என்றே எழுதியதால் நம் மக்கள் மிரண்டுவிட்டார்கள். பத்திரம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நினைவு நன்றாக இருக்கும்போதே வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். வலி தணிப்புக்கென்று இன்று பல மாவட்டங்களில் மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தீர்களா? வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நோயில்பூசுதல் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் அதை ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றார்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் ஆள் போகப்போகிறார் என்று அர்த்தம். அதனால் மூச்சு நின்ற பிறகு கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியது அல்ல என்று தெளிவுபடுத்திவிட்டது. முதுமையால் தளர்ந்தவர்களும் பெரிய அறுவைசிகிச்சைக்குப் போகிறவர்களும் பெறலாம், மீண்டும் பெறலாம். பெரியவர் பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். பயப்படுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். பெரியவர்கள் பலர் என்னிடம், “எப்ப கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சாமி” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாள் பெரியவருக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நற்கருணை கொடுத்தபின் வீட்டாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்கிறேன். பெரிதாக யாரும் கேட்பதில்லை. ஒருவர் பல்செட் வலிக்கிறது என்றார். மூன்று மாதமாகக் கஞ்சி மட்டுமே குடித்ததற்குக் காரணம் அதுதான். ஓர் அம்மா, மகள் வீட்டுப் பேரனின் குரலைப் போனில் கேட்க வேண்டும் என்றார்.

சென்ற மாதம் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதமாக உள் அறையில் இருப்பவர், கொஞ்ச நேரம் யோசித்தார். பேச்சு குழறியது. இரண்டாவது முறை சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலைத் தெருவாசல் பக்கம் போடச் சொல்கிறார். காலை ஆறே காலுக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பார்க்க வேண்டுமாம். மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இத எங்ககிட்ட சொல்லவே இல்லையே சாமி” என்றார் அவர். அன்று மாலையே நானும் மகனும் பக்கத்து வீட்டுத் தம்பியும் சேர்ந்து கட்டிலைத் தூக்கித் திண்ணையில் போட்டோம்.